புதுச் சட்டைக்குப் போட்ட ஒட்டு

லயத்து வாசலில் மதினி நிற்கிறார். தலையில் ஒரு குடம். குடம் நிறையத் தண்ணீர். வலது கை குடத்தைப் பிடித்திருக்கிறது. நான் குனிந்து டேப்பை அவருடைய கக்கத்தில் வைத்து இடுப்பு வரை அளக்கிறேன்.

எங்கள் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டு வாசலிலும் ஆள்.

“என்னா பார்வதி, சட்டைக்கு அளவா கொடத்துக்கு அளவா?”

“கொடத்துக்கும் ஒண்ணு தச்சுப் போடு. பாவம், அதுக்கும் குளுரும்ல.”

மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் தோளில் வழிந்தது.

“அவளுகள வாய மூடச் சொல்லு புள்ள. சளி புடிச்சா யாரு பாக்குறது?”

“ஆடாம நில்லுங்க மதினி. இன்னும் ஒரு அளவு.”

போன வாரம் இங்கே, கையால் சுற்றுகிற தையல் மெஷின் வீட்டுக்கு வந்த கதையை எழுதினேன். அந்த மெஷினில் முதலில் என்ன தைத்தீர்கள் என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். தலையணை உறை தைத்தேன். அதில் எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது மதினியின் சாட்டின் சட்டையைப் பற்றித்தான். சாரிக்குப் போடுகிற பிளவுஸை எங்கள் பக்கத்தில் சட்டை என்றுதான் சொல்வோம்.

சிந்திய பால்

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. பெயர் ராசாத்தி. அடுத்த லயத்தில் வீடு. ஒரே மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறோம். எனக்கு மூத்தவர்.

அண்ணனைக் குளவி கொட்டியது. மலையில் புல் வெட்டும்போது கூடு கலைந்துவிட்டது. தலை முழுக்கக் கொட்டி, முகம் ஒரு பானை மாதிரி வீங்கி, ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கண் திறக்கவில்லை. மதினி ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு மாரியம்மனுக்குப் பால்குடம் வேண்டிக்கொண்டார். ஐந்தாம் நாள் அண்ணன் கண் திறந்து தேத்தண்ணி கேட்டார்.

அடுத்த திருவிழாவில் மதினி பால்குடம் எடுத்தார். எங்கள் தோட்டத்தில் பால்குடம் எடுக்கும் பெண்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் கட்டுவார்கள். மஞ்சள் சாரி, சிவப்புச் சாட்டின் சட்டை. துணியை ஹட்டன் டவுனில் மொத்தமாக வாங்கி ஆளுக்கு ஒரு மீட்டர் வெட்டிக் கொடுப்பார்கள். மதினி டவுனிலேயே தைக்கக் கொடுத்தார். கண்ணாடி முன்னால் நின்றபோது அழகாக இருந்தது.

கோயில் படியில் பாதி ஏறும்போது சட்டை கிழிந்தது. வலது கக்கத்தில் தொடங்கி இடுப்பு வரை போனது. மதினி முந்தானையை இழுக்கக் கையை இறக்கினார். குடம் சாய்ந்தது. பால் படியில் ஓடியது.

பூசாரி ஒன்றும் சொல்லவில்லை. மிச்சம் இருந்த பாலை ஊற்றினார். மற்றவர்கள் சொன்னார்கள். பால் சிந்தினால் நேர்த்திக்கடன் சேராது என்று ஒருத்தி சொன்னாள். அதை இன்னொருத்தி எனக்குச் சொன்னாள். எனக்கு வந்தது மதினிக்கு வராமல் இருக்குமா?

அந்த வருஷம் முழுக்க அண்ணன் தும்மினாலும் மதினி பயந்தார். இருமினால் கேட்கவே வேண்டாம். அண்ணனுக்கு அது வேடிக்கை.

“கொளவி என்னய ஒரு நாளுதான் கொட்டுச்சு. இவ ஒரு வருசமா கொட்டுறா.”

மதினி சிரிக்கவில்லை. மறுபடியும் எடுக்கிறேன் என்று அம்மனிடம் சொல்லிவிட்டார். திருவிழாவுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது சிவப்புச் சாட்டின் துணியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

“நீ தச்சுக் குடு.”

“நான் சாட்டின் தைச்சதே இல்ல மதினி.”

“டவுன்ல தைக்கிறவரு தைச்சாரு. என்னா ஆச்சு? கிழியாம வேணும். அவ்வளவுதான்.”

தலையணை உறை தைத்த கை

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. தையல் படித்தது நான்கு மாதம். தோட்டத்து மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் வகுப்பு. டீச்சர் நல்ல மனிதர். பருத்தித் துணியில்தான் சொல்லிக் கொடுத்தார். பாவாடை தைத்தேன். சின்னப் பிள்ளைக்கு ஒரு கவுன் தைத்தேன். கழுத்து சிறுத்துப் பிள்ளையின் தலை நுழையவில்லை. பிறகு வெட்டிப் பெரிதாக்கினேன். சாட்டின் பற்றி டீச்சர் சொன்னது ஒரே ஒரு வார்த்தை.

“சாட்டின் இப்ப வேணாம்.”

என் மகள் கவிதா கொழும்பில் கார்மெண்ட் ஃபாக்டரியில் வேலை. அவளிடம் கேட்கலாம் என்று போன் எடுத்தேன்.

“சாட்டின எப்புடி தைக்கிறது?”

“எனக்கு எப்புடிம்மா தெரியும்? நான் காலர் மட்டுந்தானே தைக்கிறேன்.”

“சட்டை தைக்கிற எடத்துலதானே இருக்க?”

“காலையிலேருந்து சாயந்தரம் வரைக்கும் காலர். கைய வேற ஆளு தைக்கும். பொத்தான வேற ஆளு. முழுச் சட்டைய நான் கடையிலதான் பாத்திருக்கேன்.”

மூன்று வருஷமாக வேலை செய்கிறாள். முழுதாக ஒன்றும் தைத்ததில்லை. எனக்கு அது புதுச் செய்தி.

பிறகு போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். அதில் ஒரு பெண் பெரிய மேசையில் சாட்டினை விரித்து வெட்டினாள். நீள நகம். நகத்தில் பாலிஷ். கை வழுவழுவென்று இருந்தது. அந்தக் கையில் எந்தத் துணியும் சொன்னபடி கேட்கும் என்று நினைத்தேன்.

என் கை வேறு. கொழுந்து எடுக்கிற விரல் வெடித்திருக்கும். வெடிப்பில் கறை கறுப்பாக ஏறியிருக்கும். அந்த விரலால் சாட்டினைத் தொட்டேன். நூல் விரலில் மாட்டிக்கொண்டு வந்தது. துணியில் ஒரு கோடு விழுந்தது. நல்ல வேளை, அது ஓரம்.

எண்ணெய் தடவினால் துணியில் பட்டுவிடும். சீனியையும் தேசிக்காய் என்கிற எலுமிச்சையின் தோலையும் வைத்து விரலைத் தேய்த்தேன். ஒரு வாரம் தினமும் தேய்த்தேன். வெடிப்பில் எரிந்தது. பரவாயில்லை. அதன் பிறகு நூல் மாட்டுவது குறைந்தது.

கம்பளி மேல்

வீட்டில் மேசை இல்லை. சீமெந்துத் தரையில் துணியை விரித்தேன். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் ஓடியது. இரண்டாக மடித்தால் மேல் மடிப்பு தனியாக வழுக்கிப் போனது. குண்டூசி குத்தலாம். ஆனால் சாட்டினில் ஊசி போன துளை மூடாது. தையலைப் பிரித்தாலும் துளை வரிசையாகத் தெரியும். ஒரு முறைதான் தைக்கலாம். தப்பினால் தப்பினதுதான்.

மழைக்குப் போட்டுக்கொள்கிற பழைய கம்பளி ஒன்று கிடந்தது. அதைத் தரையில் விரித்து, அதன் மேல் சாட்டினைப் போட்டேன். துணி நின்றது. கம்பளியின் முடி அதைப் பிடித்துக்கொண்டது. இதை எந்த வீடியோவிலும் நான் பார்க்கவில்லை.

மதினியின் நல்ல சட்டை ஒன்றை அளவுக்கு வைத்துக்கொண்டேன். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். சரியாக இருக்கிற ஒரு சட்டையைக் கொடுத்தால் அதே மாதிரி வெட்ட வேண்டியதுதான். வெட்டினேன். வெட்டும்போது மூச்சு விடவில்லை. ஓரத்தை மெழுகுதிரிச் சூட்டில் லேசாகக் காட்டினேன். நூல் பிரிவது நின்றது.

மெஷினில் வைக்கும் முன், தையல் வரப்போகிற கோட்டிலேயே கையால் நீளத் தையல் போட்டு மதினிக்குப் போட்டுப் பார்த்தேன்.

“நல்லாருக்கு புள்ள” என்றார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

“கையத் தூக்குங்க மதினி. கொடம் புடிக்கிற மாதிரி.”

தூக்கினார். கக்கத்தில் பட்டென்று ஒரு சத்தம். என் கைத்தையல் அறுந்துவிட்டது. அறுந்த இடத்துக்குப் பக்கத்தில் சாட்டின் நூல் ஏணிப்படி மாதிரி விலகியிருந்தது.

மதினி கையை இறக்கவில்லை. அப்படியே நின்றார்.

“இதே எடந்தான்” என்றார். “போன வருசமும் இதே எடந்தான்.”

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. டவுனில் தைத்தவர் செய்த தப்பை நானும் அப்படியே செய்திருக்கிறேன். அவருக்குக் கொடுத்த அளவுச் சட்டையும் இதே சட்டைதான். கை தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறவளுக்கு எடுத்த அளவு அது.

அதனால்தான் மறுநாள் குடத்தைத் தூக்கித் தலையில் வைக்கச் சொன்னேன். கையைத் தொங்கவிட்டு ஒரு அளவு. தூக்கி ஒரு அளவு. கை மேலே போனால் கக்கத்துக்கும் இடுப்புக்கும் நடுவில் நான்கு விரல் கூடுகிறது. நான்கு விரல். அவ்வளவு துணி குறைகிறது.

ஆனால் துணி வெட்டியாகிவிட்டது. மிச்சம் இருந்தது மூலைத் துண்டுகள் மட்டும். அதே சிவப்பில் வேறு துணியும் கடையில் இல்லை.

வலது கக்கம்

குடத்தோடு அளவு எடுத்த மறுநாள் மலைக்குப் போனேன். கொழுந்து எடுத்தேன். எனக்கு முன்னால் மதினியின் தேயிலை நிரை. பக்கத்தில் இன்னும் ஆறு பேர். எல்லாரும் எடுக்கிறார்கள், கை நிறைந்ததும் தோளுக்கு மேல் கையை வீசிப் பின்னால் கூடைக்குள் போடுகிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று யாரும் எண்ணியதில்லை.

கை மேலே போகும்போதெல்லாம் கக்கம் தெரிந்தது. ஒவ்வொருத்தி சட்டையிலும் வலது கக்கத்தில் ஒட்டு. சிலருக்கு இடது பக்கமும். பழைய சாரித் துண்டு, பாவாடைத் துண்டு, நிறம் சேராத துண்டு. எல்லாம் கிழிந்த பிறகு போட்டது. பாதிக்கு மேல் நான் போட்டுக் கொடுத்தது. தையல் வகுப்புக்குப் போகும் முன்பே போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஒட்டுப் போட்ட இடம் மறுபடி கிழிந்து நான் பார்த்ததே இல்லை. சட்டையின் மற்ற இடமெல்லாம் நைந்து போகும். அந்த ஒட்டு மட்டும் அப்படியே இருக்கும்.

கூடையோடு அங்கேயே நின்றுவிட்டேன். வேலையை மேற்பார்க்கிற கங்காணி சத்தம் போட்டார்.

“என்னா பார்வதி, படம் பாக்குறியா?”

ஆமாம் என்று சொல்லத் தோன்றியது. கையை மறுபடி செடிக்குள் விட்டேன்.

கிழிந்த பிறகு போடுகிறதை முன்னாலேயே போட்டால் என்ன?

சண்டை

சாயந்தரம் மிச்சத் துண்டில் இரண்டு ஒட்டு வெட்டினேன். சீட்டுக்கட்டில் டைமன் இருக்குமே, அந்த வடிவம். நான்கு விரல் அகலம். கக்கத்தில் தையல் சேருகிற இடத்தைத் திறந்து, விலகின நூலை வெட்டிவிட்டு, நடுவில் இதை வைத்துத் தைத்தால் குறைகிற நான்கு விரல் கிடைத்துவிடும். மூலைவாட்டில் குறுக்காக வெட்டினால் துணி கொஞ்சம் இழுபடும். கை தூக்கும்போது அந்த இழுப்பு வேண்டும். அதனால் குறுக்காக வெட்டினேன்.

அதில் ஒரு சங்கடம். சாட்டினைக் குறுக்காக வெட்டினால் மினுக்கம் மாறிவிடும். ஒரே துணி, ஒரே சிவப்பு. ஆனால் ஒட்டு மட்டும் வெளிறித் தெரியும்.

மதினிக்குக் காட்டினேன். கையில் வாங்கவே இல்லை.

“புதுச் சட்டைக்கு ஒட்டா?”

“ஆமா மதினி.”

“கிழியாத துணிக்கு ஒட்டுப் போடுறவள இன்னிக்குத்தான் பாக்குறேன். மலைக்குப் போடுற சட்டைன்னு நெனச்சியா? கோயிலுக்குப் போடுறது.”

“கையத் தூக்கணும்ல.”

“தூக்குனா மொத அதுதானே தெரியும்? வேற நெறமா வேற இருக்கு. தோட்டமே பாக்கும்.”

“போன வருசம் தோட்டம் என்னா பாத்துச்சு?”

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். மதினி துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்து வாசல் வரை போனார். பனி இறங்கி எதிர் லயம் தெரியவில்லை.

“தை” என்றார். போய்விட்டார்.

மூன்று நாள் மலையில் என்னோடு பேசவில்லை.

நான்கு மூலை

கை மெஷினில் ஒரு கஷ்டம் உண்டு. வலது கை சக்கரத்தைச் சுற்ற வேண்டும். துணியைப் பிடிக்க இடது கை ஒன்றுதான். பருத்தி என்றால் போதும். சாட்டினுக்கு இரண்டு கையும் வேண்டும் என்பார்கள். கொழுந்து எடுக்கிறவளுக்கு இரண்டு கையும் ஒன்றுதான். என் இடது கையும் வலது கை மாதிரியே வேலை செய்யும்.

மெல்லிய ஊசி போட்டேன். துணிக்கு அடியில் பழைய பேப்பரை நீளமாகக் கிழித்து வைத்தேன். பேப்பரோடு சேர்த்துத் தைத்து, பிறகு பேப்பரைக் கிழித்து எடுத்தேன். வழுக்காமல் போனது.

ஒட்டின் நான்கு பக்கம் பரவாயில்லை. மூலைதான் கஷ்டம். ஒரு மூலைக்கு வந்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, காலைத் தூக்கி, துணியைத் திருப்பி, காலை இறக்கி, மறுபடி சுற்ற வேண்டும். மெஷினின் காலைச் சொல்கிறேன். ஒரு நூல் தள்ளிப் போனாலும் மூலை சுருங்கும்.

ஒரு நாளைக்கு இரண்டு மூலைதான் தைத்தேன். வேலை விட்டு வந்து, கை கழுவி, ஜன்னல் வெளிச்சம் போகும் முன் இரண்டு மூலை. அதற்கு மேல் தொடவில்லை. எட்டு மூலைக்கு நான்கு நாள். ஏழு மூலை கூராக வந்தது. எட்டாவது கொஞ்சம் சுருங்கியது. பிரித்தால் துளை தெரியும். பிரிக்கவில்லை. அது இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

முடித்த பிறகு நானே அதைப் போட்டுக்கொண்டேன். எனக்கு மதினியை விட உடம்பு அதிகம். கொக்கி மாட்டவில்லை. கூடைக்குக் கொழுந்து போடுகிற மாதிரி கையை வீசினேன். ஒரு தரம், இரண்டு தரம், இருபது தரம். ஒன்றும் ஆகவில்லை. வெளியே யாராவது பார்த்திருந்தால் எனக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

பீலிக்கரை

திருவிழாவன்று காலையில் பெண்கள் எல்லாரும் பீலிக்கரையில் கூடினார்கள். மலையிலிருந்து குழாயில் தண்ணீர் விழுகிற இடம். அங்கேதான் குளித்து, குடத்துக்கு மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, பால் ஊற்றுவார்கள். பதினைந்து மஞ்சள் சாரி. பதினைந்து சிவப்புச் சட்டை.

பனி விலகி வெயில் வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் ஒருத்தி, மதினி கொண்டையில் பூ வைக்கக் கையைத் தூக்கியதும் பார்த்துவிட்டாள்.

“என்னாக்கா இது, புதுசுலயே ஒட்டுப் போட்டிருக்கீங்க?”

எல்லாரும் திரும்பினார்கள். மதினி பூவை வைத்து முடித்தார். அவசரப்படவில்லை.

“என் நாத்தனா போட்டது. ஒனக்கு இருக்கா?”

“எனக்கு எதுக்கு?”

“படி ஏறிட்டு வந்து சொல்லு.”

தப்பு மேளம் அடிக்கத் தொடங்கினார்கள். குடம் தலைக்கு ஏறியது. வலது கை குடத்துக்குப் போனது.

மற்றவர்கள் அம்மனைப் பார்த்து நடந்தார்கள். நான் மதினியின் வலது கக்கத்தைப் பார்த்து நடந்தேன். அம்மன் மன்னிக்கட்டும். தேயிலைக்கு நடுவில் போகிற கல் ரோட்டில் ஒன்றும் இல்லை. பாலம் தாண்டியும் ஒன்றும் இல்லை. அண்ணன் ஒரு பக்கமாக நடந்து வந்தார்.

படி வந்தது. செங்குத்தான படி. ஒவ்வொரு படிக்கும் குடம் பின்னால் சாயப் பார்க்கும். கை இன்னும் மேலே போக வேண்டும். மதினி ஏறினார். ஒட்டு விரிந்தது. சுருங்கியது. மறுபடி விரிந்தது. நான் படியை எண்ணவில்லை. அந்த விரிவைத்தான் எண்ணினேன்.

போன வருஷம் கிழிந்த படி எனக்குத் தெரியும். மதினிக்கும் தெரியும். அந்தப் படியில் கால் வைக்கும்போது ஒரு கணம் நின்றார். பிறகு கையை நன்றாக உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

எங்களுக்கு முன்னால் போன இரண்டு பேர் முந்தானையைக் கக்கத்துக்கு மேல் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். காரணத்தை நான் எழுதத் தேவையில்லை.

மேலே போய்ச் சேர்ந்தோம். பூசாரி வரிசையாகக் குடத்தை வாங்கினார். மதினியின் முறை வந்தது. பூசாரி எட்டிக் குடத்துக்குள் பார்த்தார்.

“தளும்ப இருக்கே ராசாத்தி” என்றார்.

குடத்தோடு மதினியால் தலையை ஆட்ட முடியாது. கண் மட்டும் நிறைந்து ஓடியது. கை இன்னும் மேலேதான் இருந்தது.

“எறக்கு புள்ள” என்று என்னிடம் சொன்னார். “கை மரத்துப் போச்சு.”

நான் இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்து இறக்கினேன். நல்ல கனம். நிறைகுடத்தின் கனம். அதைப் பூசாரி கையில் கொடுக்க எனக்கு மனம் வரக் கொஞ்ச நேரம் ஆனது.